தொட்டி நிரம்பிய இரவு

தண்ணீர் இல்லாத ஆறு
ராஜா இல்லாத கோட்டை
சாமி இல்லாத கோயில் என்று
எங்கள் வேலூருக்கு ஒரு பழைய கேலி உண்டு.
சாமி வந்தாயிற்று, நான் பிறப்பதற்கு முன்பே.
மற்றவை ஏறக்குறைய அப்படியே.
என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்:
வாத்தியம் இல்லாத பாட்டு.

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் மூன்று மாடி லாட்ஜ்.
ராத்திரி டூட்டி எனக்கு.
எல்லா அறையிலும் ஓர் எக்ஸ்ரே உறை, ஒரு வாடகை அடுப்பு,
தூங்காத ஒருவர்.

இருநூற்று ஏழில் மிசோரம்காரர்கள், நான்கு பேர்.
பெயர் எழுதவே கால் மணி நேரம் ஆனது.
லால்ஸங்லியானா, ஐம்பத்தெட்டு, நோயாளி.
மனைவி. தம்பி. மகள்.
நான் எழுதியதைத் தலைகீழாகப் படித்து
மகள் மட்டும் சிரித்தாள்.

முதல் ராத்திரி ஒன்பது மணிக்கு
ரேடியோவைக் குறைக்கச் சொல்லத்தான் மாடி ஏறினேன்.
ரேடியோ இல்லை.

எங்கள் தெருவில் பத்துப் பேர் பாடினால்
பத்துப் பேரும் ஒரே ரோட்டில் ஓடுவார்கள்,
முந்தப் பார்ப்பார்கள்.
இது வேறு.
கட்டிலை நாலு பேர் தூக்கிப் படியேறுவதுபோல
ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை,
ஒருத்தர் கை மேலே, ஒருத்தர் கை கீழே.
கட்டில் மட்டும் சாயவில்லை.

கதவுகள் திறந்தன.
தன்பாத் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.
டாக்காவிலிருந்து வந்த கணக்கர்
சிறுநீர்ப் பையைக் கையில் பிடித்தபடி
படியில் உட்கார்ந்தார்,
ரிசல்ட் வந்த அன்றுகூட அழாதவர்.
என்ன பாட்டு என்று யாரும் கேட்கவில்லை.
கீழே பலகையில் தொங்கிய சாவிகள் நடுங்கின.
லாரி போயிருக்கலாம்.

அடிக்குரல் அவருடையது, நோயாளியுடையது.
தனியாகக் கேட்காது.
ஃபேன் சத்தம் மாதிரி,
கரண்ட் போனால்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் அவரை ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள்.
அன்றும் ஒன்பதுக்குத் தொடங்கினார்கள்.
மூன்று பேர் தூக்கிய கட்டில்,
ஒரு மூலை அந்தரத்தில்.
பாதியில் நின்றது. மறுபடி தொடங்கியது. நின்றது.
நடையில் ஒருவரும் இருமவில்லை.
விழுகிற பாத்திரத்தைப் பிடிக்கப் போவதுபோல
என் கைகள் தாமாக நீண்டிருந்தன.

ஒன்பதரை. தண்ணீர் ஏற்றும் நேரம்.
வேறென்ன செய்வது, சுவிட்சைப் போட்டேன்.
படிக்கட்டின் அடியில் பழைய மோட்டார்
ம்ம்ம் என்று பிடித்தது.

மேலே அமைதி.
பிறகு சித்தப்பா தன் குரலைக் கொஞ்சம் இறக்கினார்,
மகள் கொஞ்சம் நகர்ந்தாள்,
மோட்டாரின் ம்ம்ம் மேல்
ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள்.
நாலாவது மூலையைத் தரை தாங்கியது.

பதினைந்து நிமிஷத்தில் தொட்டி நிரம்பும்.
என் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.
இருபது.
முப்பது.
வழிந்த தண்ணீர் மொட்டைமாடியில் பரவி
சுவரில் இறங்கி
வரிசையாக நின்ற பைக்குகளின் சீட்டுகளை நனைத்து
தெருவில் ஓடியது.
டீக்கடை தஸ்தகீர் கத்தினார்:
யோவ், மே மாசம்யா இது! தண்ணிய்யா!
கேட்டது.
நிறுத்தவில்லை.

காலையில் முதலாளி முனிரத்தினம்
சம்பளத்தில் முந்நூறு பிடித்தார்.
காரணம் என்ற இடத்தில்
கவனக்குறைவு என்று எழுதினார்.
கையெழுத்துப் போட்டேன்.

அவர் போனதும் மகள் இறங்கி வந்தாள்,
இரவெல்லாம் ஐசியு வாசலில் நின்ற கண்கள்.
உடைந்த இந்தியில், அதைவிட உடைந்த எனக்கு,
படிக்கட்டின் அடியைக் காட்டிக் கேட்டாள்:
இன்றைக்கும் அது ஓடுமா?
எத்தனை மணிக்கு?

ஒன்பது விரல்களைக் காட்டினேன்.